பெண்ணாடத்துக் கரகமும் காட்டுமன்னார்கோயில் பானையும்

விருத்தாசலத்திலிருந்து அரியலூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், வெள்ளாற்றுக்கு அண்மையில் அமைந்த ஊர் பெண்ணாடம். தேவாரம் பாடியோர் அவ்வூர்க் கோயிலைத் தூங்கானை மாடம் என்றனர். சைவ சாத்திரம் கற்றோர் மெய்கண்டார் பிறந்த ஊர் இது எனப் போற்றுவர். நாம் அவ்வூரை இங்கு நினைவூட்டுவது பதிகத்திற்காகவும் அன்று, சாத்திரத்திற்காகவும் அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிவைத்துச் சென்ற ஒரு கதைக்காக. அந்தக் கதையில் வரும் ஒரு கரகத் தண்ணீருக்காக!

கலிக்கம்பர் என்பவர் பெண்ணாடத்து வணிகர்; அறுபத்து மூவரில் ஒருவராக எண்ணப்படுபவர். நாள்தோறும் சிவனடியாரை வீட்டிற்கு அழைத்து, அவர்தம் கால்களைக் கழுவி, அமுது படைப்பது அவர் வழக்கமாம். மனைவியார் கரகத்தில் நீர் வார்ப்பார். கணவர் கால் விளக்குவார். ஒரு நாள் வந்த அடியார் கூட்டத்தில், முன்பு அதே வீட்டில் ஏவல் செய்து, பின்னர் வேலையை விட்டு நீங்கிய ஆள் ஒருவனும் சிவவேடம் பூண்டு வந்து நின்றான். ‘நம் வீட்டு வேலையாள் அல்லவா இவன்!’ என்று எண்ணிய அம்மையார் நீர் வார்க்கச் சற்றே தயங்கினார். தயங்கியதுதான் தாமதம், கணவர் வாளை எடுத்தார், அந்தக் கையை வெட்டினார், கரகத்தைத் தாமே வாங்கி நீர் வார்த்துக் காலைக் கழுவினார், சோறும் படைத்தார். இது கதை.

ஆண்டான் – அடிமை என்னும் வேற்றுமையை அழித்தவர் கலிக்கம்பர் என்று இதற்குப் பொருள் உரைப்போர் உண்டு. அவ்வுரையில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. பழைய வேலையாளின் காலை முதலாளி கழுவினான் என்று எழுதுவதற்கு அந்நாளில் ஒரு துணிவு வேண்டும். ஆனால் அந்தக் காலுக்கு மதிப்பு வந்தது எதனால்? மனிதன் என்பதாலா? நீறு பூசி வேடம் தரித்து வந்ததனால் அல்லவா! வேடத்தைக் களைந்துவிட்டு மறுநாள் அதே வாயிலில் தாகத்தோடு வந்து நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் புராணம் பேசவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றிருக்கிறது. தயங்கிய அந்தக் கையை அவ்வாறு வளர்த்தது யார்? இன்னாருக்கு வார்க்கலாம், இன்னாருக்கு வார்க்கலாகாது என்று பிறந்த வீட்டில் தாய் கற்பித்தாள், புகுந்த வீட்டில் மாமி கற்பித்தாள், தெரு கற்பித்தது, வீட்டுத் தலைவனாகிய வணிகனும் அந்த வேலையாள் ஏவல் செய்த காலமெல்லாம் அதைத்தானே கற்பித்திருப்பான்! கற்பித்தவர் அனைவரும் அடியார்க்கு நல்லவராக, கற்றுக்கொண்ட பெண் மட்டும் கையை இழந்தாள்.

இளைஞர்கள் இந்தக் கதையை ஒரு முறை படிக்கவேண்டும் என்பது நம் விருப்பம். வெறுப்பதற்காக அன்று, இந்த நாட்டில் ஒருவன் யார் என்பதைத் தண்ணீர் எவ்வளவு காலமாக அளந்து வந்திருக்கிறது என்பதை அறிவதற்காக. தலைவர்களின் வரலாற்றை எழுதுவோர் பிறந்த ஆண்டையும் பெற்றோர் பெயரையும் சொல்லிவிட்டு, நேரே மாநாட்டுப் பந்தலுக்குச் சென்றுவிடுகின்றனர். அடுப்பங்கரை, திண்ணை, பள்ளிக்கூடத்து மூலையில் வைக்கப்பட்ட பானை ஆகியவற்றின் பக்கம் அவர்கள் திரும்புவதில்லை. ஆனால் நம் காலத்துத் தலைவர் சிலரின் இளமையைக் கூர்ந்து பார்த்தால், அவர்கள் கற்ற முதற்பாடம் அரிச்சுவடியில் இல்லை; செம்பிலும் குவளையிலும் இருந்தது என்பது விளங்கும்.

முதலில் ஈரோட்டுக்குச் செல்வோம்.

1879-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் வெங்கட்ட நாயக்கருக்கும் சின்னத்தாயம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் இராமசாமி. தந்தையார் பரம்பரைச் செல்வர் அல்லர். கல்தச்சரிடம் கூலி வேலை செய்து, வண்டியோட்டி, சிறு கடை வைத்து, படிப்படியாக உயர்ந்து மண்டிக்கடை முதலாளி ஆனவர். உழைத்து உயர்ந்த குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு: கையில் காசு சேர்ந்தவுடன் ஆசாரமும் சேர்ந்துவிடும். மேல்தட்டு மக்களின் மதிப்பைப் பெறுவதற்கு அது ஒரு படிக்கட்டு. நாயக்கர் வீட்டில் வைணவ பாகவதர்கள் வருவதும் போவதும், புராணம் படிப்பதும், பொருள் சொல்வதும் ஓயாது நடந்தன. அந்தப் பாகவதர்களை மடக்கிக் கேள்வி கேட்பதே சிறுவன் இராமசாமிக்குப் பொழுதுபோக்கு! நாத்திகத்தின் முதற்பள்ளியை நாயக்கர் தம் செலவிலேயே நடத்தினார் என்று நாம் சொன்னால் அது நகைச்சுவை ஆகாது.

சின்னஞ்சிறு வயதில் இராமசாமி உறவினரான ஒரு சிறிய பாட்டியார் வீட்டில் வளர விடப்பட்டார். அவர் கணவனை இழந்தவர், வசதி குறைந்தவர், பையனை அடக்கி வளர்க்கும் ஆற்றலும் இல்லாதவர். செல்வர் வீட்டுப் பிள்ளை தெருப்பிள்ளையாகத் திரிந்தான். கிடைத்ததைத் தின்றான், யாரோடும் சேர்ந்தான். அவன் கெட்டுப்போகிறான் என்று கருதிய பெற்றோர், திரும்ப அழைத்துவந்து திண்ணைப் பள்ளியில் சேர்த்தனர்.

அந்தப் பள்ளி ஊர்க்கோடியில் இருந்தது. சுற்றிலும் ‘கீழ்ச்சாதி’ எனப்பட்டோரின் வீடுகள். வீட்டார் பையனை எச்சரித்து அனுப்பினர்: அங்கே யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்காதே, தாகம் எடுத்தால் வாத்தியார் வீட்டில் மட்டும் வாங்கிக் குடி! வாத்தியார் ஓதுவார் மரபினர், புலால் உண்ணாதவர். அவர் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள்? எச்சில் படாமல் உயர்த்திக் குடிக்கச் சொன்னார்கள். குடித்து முடித்த ஏனத்தின்மேல் நீர் ஊற்றிக் கழுவிய பின்னரே அதை உள்ளே எடுத்துச் சென்றார்கள்.

இங்குச் சற்று நிற்போம். தன் வீட்டார் கண்ணுக்கு உயர்ந்தவனாகிய அந்தப் பையன், வாத்தியார் வீட்டார் கண்ணுக்குத் தாழ்ந்தவன். கழுவவேண்டிய எச்சில் அவனுடையது! தன்னைவிடத் தாழ்ந்தவர் என்று வீட்டார் விலக்கிவைத்த மக்களோ, அன்போடு அழைத்து, கேட்டதைக் கொடுத்தார்கள். பையன் எந்த நூலும் படித்து முடிவுக்கு வரவில்லை. தாகத்தைக் கொண்டு முடிவுக்கு வந்தான். ஓதுவார் வீட்டை விட்டான். பக்கத்து வீடுகளில் குடித்தான். குடித்த வீடுகளிலேயே தின்னவும் தொடங்கினான்.

செய்தி வீட்டுக்கு எட்டியது. தாயார் கலங்கினார், தந்தையார் சினந்தார். பையனின் காலில் விலங்கு பூட்டப்பட்டது. ஆம், தோழர்களே! பிற்காலத்தில் ஆங்கிலேயன் ஆட்சியிலும் நம்மவர் ஆட்சியிலும் சிறை பல கண்ட பெரியாரின் காலில் முதல் விலங்கைப் பூட்டியது அரசு அன்று, பெற்ற வீடு. அதனால் அவன் திருந்தினானா? விலங்கைத் தூக்கிச் சுமந்துகொண்டே அதே பிள்ளைகளோடு விளையாடப் போனான். இனிப் பள்ளியால் பயனில்லை என்று படிப்பை நிறுத்தி, பன்னிரண்டு வயதளவில் மண்டிக்கடையில் உட்காரவைத்தனர். கணக்கும் பேரமும் மனிதரை எடைபோடும் ஆற்றலும் அங்கே வந்தன. பின்னாளில் மேடையில் அவர் பேசிய பேச்சில் மண்டிக்கடையின் வாடை வீசியது என்று புலவர்கள் சிலர் முகம் சுளித்ததுண்டு. அந்த வாடைதான் மக்களுக்குப் புரிந்தது!

ஈரோட்டு வீடு தடுத்து வளர்த்தது, தடுத்ததனாலேயே வளர்த்தது. இதற்கு நேர்மாறான ஒரு வீட்டைச் சதாராவில் காண்கிறோம்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் என்னும் படைவீட்டு ஊரில் பிறந்த பீமராவ், இராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது குழந்தை. தந்தையார் படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சுபேதார். கபீர் நெறியைப் பின்பற்றியவர். தாயார் பையன் சிறுவனாக இருக்கும்போதே மறைந்தார், அத்தை வளர்த்தார். அந்த வீட்டில் பணம் இல்லை, பாடம் இருந்தது. மகன் விரும்பிய நூலை வாங்கப் பணமின்றி, மணமாகிச் சென்றிருந்த தம் பெண்களிடம் நகை வாங்கி அடகுவைத்து நூல் வாங்கிக் கொடுத்த தந்தை அவர். அடகுக்கடையிலிருந்து நூல்நிலையம் பிறந்த வீடு என்று அதைச் சொல்லலாம்.

வீட்டிற்கு வெளியே? பள்ளியில் எல்லாரும் பலகையில் உட்காரும்போது, பீமராவ் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிமீது தனியே உட்காரவேண்டும். மாலையில் அந்தக் கோணியைச் சுருட்டி எடுத்துச் செல்லவேண்டும். குழாயைத் தொடும் உரிமை கிடையாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். சேவகன் வராத நாளில் தாகம் அப்படியே வீடு திரும்பும்.

1901-இல், அகவை பத்தளவில், கோரேகாவில் வேலையிலிருந்த தந்தையைக் காண அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் புறப்பட்டார் அவர். புத்தாடை, புதுத்தொப்பி, முதல் இரயில் பயணம்! மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துச் செல்ல ஆள் வரவில்லை. பிள்ளைகளின் உடையைக் கண்டு அன்போடு விசாரித்த நிலைய அதிகாரி, மகர் சாதி என்று கேட்டதும் பின்வாங்கினார். இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டியிருந்தது. வண்டிக்காரன் கூட நடந்து வந்தான். கையில் கட்டுச்சோறு நிறைய இருந்தது. இரவு முழுவதும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லை. தண்ணீர் இல்லாமையால் சோறு இருந்தும் பட்டினியாகப் படுத்தார்கள். இதை அம்பேத்கரே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1927 மார்ச் 20-இல் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கான மக்களோடு அவர் அள்ளிக் குடித்த நீர், அந்த இரவில் கிடைக்காத நீர்தான் என்று எண்ணத் தோன்றுகிறது.

பள்ளிப் பானை வடநாட்டுச் செய்திதானே என்று எவரும் ஆறுதல் அடையவேண்டா. நெல்லைச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் காங்கிரசு நிதியும் தமிழர் நன்கொடையும் பெற்று நடந்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, தனிப் பானை. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அந்தப் பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டதற்காகத் தண்டிக்கப்பட்டதைப் பெரியார் பின்னாளில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். ஓமந்தூர் அன்றைய தென்னார்க்காட்டு ஊர். ரெட்டியார் 1947-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனவர். பின்னாளைய முதலமைச்சரின் மகனுக்கே அந்த நிலை என்றால் சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு என்ன நிலை?

அதே தென்னார்க்காட்டில்தான் விடையும் இருக்கிறது.

பெண்ணாடத்திலிருந்து கிழக்கே, வெள்ளாறு கடலை நோக்கிச் செல்லும் பக்கமாகச் சென்றால் காட்டுமன்னார்கோயிலை அடையலாம். வீரநாராயணபுரம் என்பது பழம்பெயர். ஆழ்வார் பாடல்களைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் என்று வைணவர் கொண்டாடுவர். ஊரை ஒட்டி, பத்தாம் நூற்றாண்டுச் சோழன் பராந்தகன் காலத்து வீராணம் ஏரி, கடல்போல் நீண்டு கிடக்கிறது. கொள்ளிடத்து நீர் வடவாற்றின் வழியே வந்து அதை நிரப்புகிறது. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று அதைக் கூறலாம்.

அந்த ஊரில் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர் எல். இளையபெருமாள். ஆண்டை மனத்திற் கொள்ளுங்கள். அதே 1924-இல்தான் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராட்டம் தொடங்கிற்று. பெரியார் சிறை சென்றார். அதே 1924-இல்தான் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்களும் பயன்படுத்த உரிமையுண்டு என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். அரசு ஆணையும் பிறந்தது. காட்டுமன்னார்கோயிலில் குழந்தையும் பிறந்தது. ஆணை அரசிதழில் வளர்ந்தது. குழந்தை சேரியில் வளர்ந்தது. ஆண்டுகள் சென்று குழந்தை பள்ளிக்கூடம் போனபோது, அங்கே இரண்டு பானைகள் இருந்தன! ஒன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு. மற்றொன்று சேரிப் பிள்ளைகளுக்கு. அரசு ஆணை சென்னையிலிருந்து காட்டுமன்னார்கோயில் பள்ளியின் மூலை வரை நடந்து வரவில்லை.

சிறுவன் இளையபெருமாள் அந்தத் தனிப்பானையை உடைத்தார்.

பானைதானே, நான்கு காசு பெறும் மண்பானைதானே என்று எண்ணிவிடலாகாது. உடைப்பவன் கையில் காசும் இல்லை. பின்னால் ஊரும் இல்லை. அவன் தந்தையும் தாயும் மறுநாள் அந்த ஊரார் வயலில்தான் வேலை கேட்டு நிற்கவேண்டிய நிலையிலிருந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளை அவன். ஈரோட்டுச் சிறுவன் தவறினால் விலங்கு, அதோடு முடிந்தது. கடை காத்திருந்தது. சேரிச் சிறுவன் தவறினால் விலங்கு குடும்பம் முழுவதன் மீதும் விழும். ஆகையால்தான் சேரி வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் ‘பொறுத்துக்கொள்’ என்று கற்பித்தார்கள். அச்சத்தால் வந்த அந்த அறிவுரையைக் கோழைத்தனம் என்று நாம் பழிக்கமாட்டோம். அது உயிர் பிழைக்கும் வழியாக இருந்தது. அத்தகைய சூழலில் ஒரு பிள்ளை பானையை உடைத்தான் என்றால், அந்தத் துணிவுக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

அந்தப் பகுதியில் காற்று முற்றிலும் அசையாமல் இருந்தது என்றும் கூறமுடியாது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் கல்விக்கூடம் தொடங்கித் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டிவந்தார். தில்லைக்குள் நுழைய நந்தனைத் தீயில் இறக்கிய ஊரிலேயே, நந்தன் பெயரால் பள்ளி! தீயில் மூழ்கி எழுவதைவிட ஏட்டைப் புரட்டி எழுவது எளிது என்பதை அந்தப் பள்ளி பல நூறு குடும்பங்களுக்குக் காட்டிற்று.

இளையபெருமாள் வளர்ந்தார், சிலகாலம் படையில் சேர்ந்து திரும்பினார், சொந்த மண்ணில் உழைக்கும் மக்களுக்காகப் பேசத் தொடங்கினார். 1952-இல், நாட்டின் முதற் பொதுத் தேர்தலிலேயே, முப்பது நிரம்பாத இளைஞராக மக்களவைக்குச் சென்றார். அவர் காங்கிரசுக்காரர், நம் மேடையில் நின்றவர் அல்லர். நம்மவரோடு மோதியதும் உண்டு. அதனால் அவர் வரலாற்றை நம் இளைஞர் அறியாதிருப்பது சரியாகுமா? கொடியின் நிறம் பார்த்து வரலாறு படிப்பது, சாதி பார்த்துத் தண்ணீர் கொடுப்பதற்குத் தம்பி முறை!

அரசியல் சட்டம் 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்து பத்தாண்டு ஆகியும் நாட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துவர 1965-இல் நடுவணரசு ஒரு குழு அமைத்தது. குழுத் தலைவர் யார்? காட்டுமன்னார்கோயில் பள்ளியில் பானையை உடைத்த அதே பிள்ளை! நாடு முழுவதும் சுற்றி, 1969-இல் அவர் குழு அறிக்கை தந்தது. கிணற்றடி, தேநீர்க்கடை, முடிதிருத்தகம், பள்ளி, கோயில் என்று தீண்டாமை குடியிருந்த இடங்களை அது எடுத்துக்காட்டியது. கோயிலில் பரம்பரை அர்ச்சகர் முறை ஒழியவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பள்ளிப் பானையிலிருந்து கருவறை வரை ஒரே கோடு ஓடுகிறது என்பதைக் கண்டறியப் பெரும்புலமை தேவைப்படவில்லை. சிறுவயதில் அந்தப் பானையைப் பார்த்த கண் போதுமானதாக இருந்தது.

அப்பரிந்துரையைக் கைக்கொண்டது கலைஞர் தலைமையிலான தமிழக அரசு. 1970 இறுதியில் பரம்பரை அர்ச்சக உரிமையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1972-இல் வந்த தீர்ப்பு, பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. ஆனால் ஆகமத்தின் கதவைத் திறந்துவிடவில்லை. பயிற்சி பெற்ற பல சாதியினரும் அர்ச்சகராக அமர்த்தப்படுவதை 2021 ஆகஸ்டில்தான் நாடு கண்டது. 2005-இல் மறைந்த இளையபெருமாள் அதைக் காணவில்லை.

அவர் ஊரின் வீராணத்து நீர் 2004 முதல் குழாய் வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னைக்குச் செல்கிறது. குடிப்பவர் யார் என்று அந்தக் குழாய் கேட்பதில்லை. ஆனால் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் நோயுற்று மருத்துவரிடம் சென்றபோது, தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்றார்கள். அதன் பிறகே ஊரார் தொட்டியின்மேல் ஏறிப் பார்த்தனர்.